ஒரு சஹன் சோறும் ஓர் ஆபத்து அறிக்கையும்

என் மாப்பிள்ளை, அதாவது என் புருஷன், மசூருக்கு ஒரு ஜனாதிபதி இருந்தார். எங்கள் நாட்டு ஜனாதிபதி இல்லை. இங்கே எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். அதற்கெல்லாம் ஒரு முறைகூடக் கண்ணைக் கசக்காத மனிதர் அவர். இது ஆபிரிக்காவில் ஒரு நாட்டின் ஜனாதிபதி. அந்த நாட்டின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு எரியும், ஆகையால் சொல்லாமல் விடுகிறேன். அந்த ஜனாதிபதி அங்கே இருமினால் இங்கே கல்முனை பசாரில் இவருக்குத் தொண்டை கட்டும்.

காரணத்தைக் கேளுங்கள். இவருக்குப் பசாரில் ஹாட்வெயார் கடை. ஆணி, பைப்பு, சீமெந்து, பெயின்ட். இவருடைய ராத்தாவின் மகன் அப்ராஸ் மெல்பனில் இருக்கிறான். அவன் ஒருநாள் போனில், "மாமா, நீங்க விக்கிற வெள்ளப் பெயின்ட் எதுல செய்யிற தெரியுமா? கறுத்த மண்ணுல" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். அன்றைக்கு முழுவதும் இவர் பெயின்ட் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கறுத்த மண்ணை ஆபிரிக்காவில் அள்ளுகிற வொரண்டா மினரல்ஸ் என்ற அவுஸ்திரேலியக் கம்பனியில் அப்ராஸ் ஷெயார் வைத்திருந்தான். மாமாவுக்கும் வாங்கித் தரலாமாம். நாங்கள் இரண்டு பேரும் ஹஜ்ஜுக்குப் போவதற்கென்று சேர்த்த காசு முழுவதும் அந்த மண்ணுக்குள் போனது.

"மக்காவுக்குப் போற காச மண்ணுல போடுறீங்களே, உங்களுக்கு மூளை பிசகிட்டா?" என்று கேட்டேன்.

"மண் ஹலால்தானே புள்ள. போட்டது ரெட்டிப்பா வரும். பிளேன்ல முன் சீட்டுல போவம்" என்றார்.

முன் சீட்டு! மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போனாலே ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை பிடிக்கிற மனிதர்.

அதற்குப் பிறகு அந்த நாட்டு மந்திரிமாரின் பெயரெல்லாம் இவருக்கு மனப்பாடம். நிதி மந்திரிக்கும் சுரங்க மந்திரிக்கும் ஆகாது என்பது எனக்கே தெரியும்; சோறு தின்னும்போது சொல்லுவார். எங்கள் வட்டாரத்து மெம்பர் யார் என்று கேட்டால் மட்டும் முகட்டைப் பார்ப்பார். அந்த நேரம் பார்த்து ஜனாதிபதி நோயில் விழுந்தார்.

"அவர் இரிக்கிற மட்டும்தான் கம்பனிக்குக் காவல். அவருக்கு ஒண்டு நடந்தா பட்டாளம் வந்து சுரங்கத்த எடுத்திரும். இதுக்குப் பேர் அரசியல் ஆபத்து" என்று எனக்கு விளக்கம் வேறு.

சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனவர், பாங்கு சொல்கிற மோதினார் சீனிமுகம்மது காக்காவைப் பிடித்து, சுகமில்லாத ஒருவருக்குத் துஆக் கேட்கச் சொல்லியிருக்கிறார். பெயர் என்ன என்று கேட்க, வாய்க்குள் நுழையாத ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறார். சீனிமுகம்மது காக்கா அந்தப் பெயரில் இடறி விழுந்து எழும்ப, பள்ளியே ஆமீன் சொன்னது. அதன் பிறகு ஆணி வாங்க வந்தவர்களெல்லாம், "மசூர் காக்கா, நோயாளி எப்பிடி?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு ஆசியா உம்மா நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சச் சொல்லி ஒரு பை குரக்கன் மா கொண்டுவந்து தந்தார். நான் வாங்கி வைத்தேன். ஆபிரிக்காவுக்கு எப்படி அனுப்ப?

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் முதல் அறிக்கை வந்தது. வெளிநாட்டுச் சுரங்கங்களில் காசு போட்டவர்களுக்காக, எந்த நாட்டில் எவ்வளவு ஆபத்து என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். அப்படி ஒருவன் எழுதியதை அப்ராஸ் போனில் தமிழில் சொன்னான். சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரில் பள்ளி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்களாம். ஒரு மணித்தியாலத்துக்குள் ஊர்ச் சனம் முழுவதும் சுரங்க வாசலில் நின்றதாம். யார் ஏற்பாடு செய்தது என்று கேட்டால் யாருமில்லை என்றார்களாம். தலைவன் என்று ஒருவன் இருந்தால் அவனோடு கதைத்து முடிக்கலாம், தலைவன் இல்லாத கூட்டம்தான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து என்று எழுதியிருந்தானாம். ஷெயார் விலை தொப்பென்று விழுந்தது.

"ஸ்பீக்கர்ல கூப்பிட்டா சனம் வரும்தானே! இதெல்லாம் ஒரு ஆபத்தா? எங்கட ஊருல ஆடு காணாமப் போனாலும் ஸ்பீக்கர்லதான் சொல்ற!" என்று முகம் தெரியாத அந்த வெள்ளைக்காரனோடு எங்கள் குசினிக்குள் நின்று சண்டை பிடித்தார் இவர்.

"அந்தச் சனம் என்னத்துக்கு வாசலுக்கு வந்திச்சாம்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "அது அறிக்கையில இல்ல புள்ள."

கடைசியில் ஜனாதிபதி மௌத்தாகவில்லை. துஆ பலித்துக் கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்த கையோடு பட்டாளம் வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சுரங்கத்துக்குப் பெரிய பூட்டு. அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் போன இடத்தில் சீனிமுகம்மது காக்கா வழக்கம்போல, "நோயாளி எப்பிடி மசூர்?" என்று கேட்டாராம்.

"ஜீப்புல ஏத்திட்டானுகள்."

"அல்ஹம்துலில்லாஹ். எந்த ஆஸ்பத்திரிக்கு?"

இவர் வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

சில மாதம் வீடு மையத்து வீடு மாதிரி இருந்தது. பிறகு ஒரு காலையில் அப்ராஸ் போன் எடுத்தான். வொரண்டா கம்பனி ஆபிரிக்காவைக் கைகழுவிவிட்டதாம். அதே கறுத்த மண் உள்ள, சண்டை சச்சரவில்லாத, அமைதியான சனம் வாழ்கிற ஒரு நாட்டைக் கண்டுபிடித்துவிட்டதாம்.

"எந்த நாடு மருமகன்?"

"உங்கட நாடுதான் மாமா!"

இவர் சிரித்த சிரிப்பில் ஆசியா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நோயாளிக்குச் சுகமாகிவிட்டது என்று நினைத்திருப்பார். அப்ராஸ் கம்பனித் தொப்பி ஒன்றையும் பார்சலில் அனுப்பியிருந்தான். நீலத் தொப்பி, நெற்றியில் மஞ்சள் கங்காரு, கங்காருவின் கையில் மண்வெட்டி. தொழுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அது இவர் தலையில்தான் இருந்தது.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். எனக்குக் கடற்கரையில் ஒரு கரைவலை இருக்கிறது. என் வாப்பா விட்டுப்போனது. தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். அப்படி வலை இழுக்கிற கரைத்துண்டுக்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாவிட்டால் வலையைச் சுருட்டி வீட்டில் வைக்க வேண்டியதுதான். சுனாமி என் வாப்பாவைக் கொண்டுபோனது. கரையில் இருந்த வாடிக் கொட்டிலைக் கொண்டுபோனது. தோணியை உடைத்து ரோட்டில் போட்டது. பாட்டை மட்டும் கொண்டுபோகவில்லை. வாப்பாவின் மையத்து எங்களுக்குக் கிடைக்கவேயில்லை. கபுறு இல்லாத மனிதருக்கு எங்கே போய் ஸலாம் சொல்லுவது? நான் அந்தப் பாட்டுக்குப் போய், ஈர மணலில் நின்று, கடலைப் பார்த்து யாசீன் ஓதிவிட்டு வருவேன். எனக்கு அதுதான் கபுறடி.

வலையைப் பார்த்துக்கொள்கிறவர் அழகரெத்தினம் அண்ணன். பாண்டிருப்பு ஆள். வாப்பாவின் காலத்திலிருந்தே வலைக்குத் தண்டையல் அவர்தான். கயிறு இழுக்கிறவர்கள் அவர் குரலுக்குத்தான் இழுப்பார்கள். ஒருநாள் விடிய, மீன் கொண்டுவருகிற கூடையில் மரக்கட்டைகளைக் கொண்டுவந்து என் வாசலில் கொட்டினார்.

"தங்கச்சி, நம்மட பாட்டுல வரிசையாக் கட்டை அடிச்சிருக்கானுகள். வலை மாட்டி, மீன் விழுற மடி கிழிஞ்சி போச்சு. ஆரெண்டு விசாரிச்சா, ஏதோ கம்பனி மண் தோண்டப் போகுதாம். இந்தா பாருங்க, கட்டையில சீலை வேற கட்டியிருக்கானுகள்."

ஒரு கட்டையை எடுத்துப் பார்த்தேன். நீலச் சீலை. மஞ்சள் கங்காரு. மண்வெட்டி. தலையை நிமிர்த்தினேன். என் மாப்பிள்ளை தலையில் தொப்பியும் கையில் பிளேன்டிக் கோப்பையுமாக, "என்ன அழகரெத்தினம், இண்டைக்கு மீன் இல்லியா?" என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

அழகரெத்தினம் அண்ணன் தொப்பியைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். திரும்பவும் தொப்பியைப் பார்த்தார். "நான் பொறகு வாறன் தங்கச்சி" என்று சைக்கிளில் ஏறிவிட்டார். அடுத்த வீட்டுச் சண்டையில் நிற்கக்கூடாது என்று தெரிந்த மனிதர்.

"கழட்டுங்க அந்தத் தொப்பிய!"

"அல்லா அறிய எனக்குத் தெரியாது புள்ள. கம்பனிக்காரனுகள் கிழக்குக் கரை ஏழாம் துண்டெண்டுதான் சொன்னானுகள். ஏழாம் துண்டு உன்ட வாப்பாட பாடெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

"அப்ப வேற ஆற்றையும் வாப்பாட பாடா இருந்தா தோண்டலாம்?"

இவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆபிரிக்காவில அந்தச் சனம் என்னத்துக்கு வாசலுக்கு வந்திச்செண்டு இப்ப விளங்குதா?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கங்காருவையே பார்த்தபடி இருந்தார். பிளேன்டி ஆறிப்போனது. ஷெயாரை விற்றுவிடச் சொன்னேன். இப்போது விற்றால் ஒரு றாத்தல் பேரீச்சம்பழம்தான் வாங்கலாம் என்றார். ஆபத்துப் பார்க்கிற மனிதன் இங்கேயும் வருவானாம். வந்து பார்த்து ஆபத்தில்லை என்று எழுதினால் விலை ஏறுமாம், போட்டதுக்கு மேலாலேயே கிடைக்குமாம்.

"ஓம், கிடைக்கும். அப்ப என்ட பாடு கிடங்காக் கிடக்கும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன். அன்றைக்கு நான் சட்டி பானை வைத்த சத்தத்தில் பூனைகூட வீட்டுக்கு வரவில்லை.

அடுத்த கிழமையே அப்ராஸ் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். ஆபத்துப் பார்க்கிற மிஸ்டர் ரோட்னி சனிக்கிழமை கல்முனைக்கு வருகிறாராம். ஊர்க் குடும்பம் ஒன்றோடு இருந்து சாப்பிட்டு ஊரின் போக்கைப் பார்க்க வேண்டுமாம். அவன் எங்கள் வீட்டைச் சொல்லிவிட்டானாம். "மாமிட சாப்பாட்டத் திண்டா, ஆபத்தெண்ட சொல்லே அவருக்கு மறந்திரும்" என்று சிரிப்பு வேறு. சிரிப்பா சிரிக்கிறாய், நீ ஊருக்கு வா மகன்!

ஆனால் வீடு தேடி வருகிற மனிதனுக்குச் சோறில்லை என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. வாப்பா அப்படி எங்களை வளர்க்கவில்லை. வரட்டும் என்று விட்டேன்.

"சோறு போடுவன்" என்று இவரிடம் சொன்னேன். "ஒரு சஹன் தட்டு. ஆறு பேருக்கு. நெய்ச்சோறும் கோழியும். ஆனா அவன் சோத்துல கை வைக்க முந்தி, இந்தக் கரையில ஒரு பிடி மண்ணும் தரமாட்டன் எண்டு மூஞ்சிக்கு நேர சொல்லுவன்."

இவர் தாடியைத் தடவினார். "ஒரு ஆள் சொன்னா அவனுகள் கணக்கெடுக்கமாட்டானுகள் புள்ள. எதிர்ப்பு இரிக்கி, ஒரு பொம்புள எண்டு எழுதிட்டுப் போயிருவானுகள்."

"ஒரு பொம்புள போதாதோ?"

"எனக்குப் போதும்" என்றார். அந்த நேரத்தில் என்ன பகிடி வேண்டிக் கிடக்கிறது இந்த மனிதனுக்கு!

அந்தக் கிழமை முழுவதும் வெங்காயம் வெட்டிக்கொண்டே என் பேச்சைப் பாடமாக்கினேன். "இஞ்ச பாருங்க மிஸ்டர்" என்று தொடங்கி, வாப்பா, சுனாமி, பாடு, வலையில் பிழைக்கிற குடும்பங்கள் எல்லாம் ஒழுங்காக வந்தது. சொல்லச் சொல்ல எனக்கே கண்ணீர் வரும். வெங்காயமும் ஒரு காரணம்.

சனிக்கிழமை ஜீப் வந்தது. மிஸ்டர் ரோட்னி ஒட்டகச்சிவிங்கி உயரம், பாவம், வெயிலில் இறால் போலச் சிவந்திருந்தார். கூட மொழிபெயர்ப்புக்குக் கிருசிகா என்ற திருக்கோவில் ஊர்ப் பிள்ளை. நல்ல பிள்ளை, வந்ததும் குசினிக்குள் வந்து, "என்ன உதவி செய்ய அன்ரி?" என்று கேட்டாள். மிஸ்டர் ரோட்னியை முன் அறையில் இருத்தி எலுமிச்சங்காய்த் தண்ணி கொடுத்தோம். இவர் லுஹர் தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லிப் பள்ளிக்குப் போனார். ஆறு பேருக்கு அளந்து போட்ட சோறு தம்மில் இருந்தது.

தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு நேரமில்லாத நேரத்தில் அது கரகரத்தால் ஊரே அசையாமல் நிற்கும்; யாரோ மௌத்தான ஜனாஸா அறிவித்தலாகத்தான் இருக்கும். நான் இன்னாலில்லாஹி சொல்ல வாயைத் திறந்தேன். சீனிமுகம்மது காக்காவின் குரல் வந்தது.

"ஓர் அறிவித்தல். ஹாட்வெயார் மசூர் அவர்களுடைய வீட்டில் இன்று பகல் சாப்பாடு. ஊரார் அனைவரும், கடற்கரையில் வேலை செய்கிற அனைவரும், ஒரு மணித்தியாலத்துக்குள் வந்து சேருமாறு அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம்."

இரண்டாம் முறையும் சொன்னார்.

யா அல்லாஹ்! கையிலிருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது. முன் அறையில் மிஸ்டர் ரோட்னி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். கிருசிகா சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் வந்தவர் ஆசியா உம்மா. தன் வீட்டுச் சோற்றுப் பானையைச் சீலையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்ன கா அஸ்மியா, ஊரையே கூப்பிட்டிரிக்காய், ஒரு சொல்லு எங்கிட்டச் சொல்லேலாதா? இந்தா, இதையும் போடு." அவருக்குப் பின்னால் ஒழுங்கை முழுவதும் பானைகள். சனிக்கிழமைப் பகல், எல்லா வீட்டிலும் உலை இறக்கியிருந்த நேரம். என் மானம் போகக்கூடாது என்று எல்லாரும் தங்கள் சோற்றோடேயே விருந்துக்கு வந்துவிட்டார்கள். வெள்ளைச் சோறு, சிவப்புச் சோறு, மஞ்சள் சோறு, பருப்பு, சுண்டல், முட்டைக் கறி, நேற்றையச் சம்பல்கூட வந்தது. யாரோ தறப்பாள் கட்டினார்கள். யாரோ பாய் விரித்தார்கள். பள்ளியிலிருந்து சஹன் தட்டுகள் அடுக்கடுக்காக வந்தன. இரைச்சலில் என் குரல் எடுபடவில்லை, ஆகையால் அகப்பையைத் தூக்கி அங்கே, இங்கே என்று காட்டினேன். காட்டின இடத்தில் ஆண்பிள்ளைகள் தட்டைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

பிறகு ஒழுங்கை முனையில் ஒரு பெரிய சத்தம். அழகரெத்தினம் அண்ணனும் கயிறு இழுக்கிற அத்தனை பேரும், அன்றைக்குப் பட்ட மீனைப் பெரிய கிடாரத்தில் போட்டு, கிடாரத்தைக் காவுதடியில் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாரம் தூக்கினால் அவர்களுக்குப் பாட்டு வராமல் இருக்காது. அண்ணன் ஒரு குரல் கொடுக்க, மற்றவர்களெல்லாம் ஹோவென்று பதில் கொடுத்துக் காலை மண்ணில் அடித்து நடந்தார்கள். மிஸ்டர் ரோட்னி எழும்பி நின்றுவிட்டார். எலுமிச்சங்காய்த் தண்ணி அவர் காற்சட்டையில் கொட்டியிருந்தது.

அவரைச் சஹனில் இருத்தினார்கள். முழங்கால் மடியாமல் காதுக்குப் பக்கத்தில் நின்றது. ஒரே தட்டில் அவர், இவர், சீனிமுகம்மது காக்கா, அழகரெத்தினம் அண்ணன், இன்னும் இரண்டு பேர். விருந்தாளிக்கு இறைச்சித் துண்டைத் தள்ளிவிடுவது எங்கள் வழக்கம். ஐந்து பேரும் ஐந்து பக்கத்தாலும் தள்ள, அவருக்கு முன்னால் கோழி ஒரு சின்ன மலையாகக் குவிந்தது. போதும் என்று கையைக் காட்டினார். கையைக் காட்டினால் எங்கள் ஆட்கள் விடுவார்களா? வெட்கப்படுகிறார் என்று இன்னும் தள்ளினார்கள்.

சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்டார். கிருசிகா திருப்பித் திருப்பிச் சொன்னாள். இதை யார் ஏற்பாடு செய்தது?

"ஆருமில்ல. கூப்பிட்டாங்க, வந்தம்" என்றார் சீனிமுகம்மது காக்கா.

எதற்குக் கூப்பிட்டாலும் வருவீர்களா?

"வராம?" என்றார் அழகரெத்தினம் அண்ணன். "கூப்பிட்டா வரத்தானே வேணும்."

அப்போது என் மாப்பிள்ளை, மொழிபெயர்ப்பு வேண்டாமென்று கையை உயர்த்தி, தன் ஹாட்வெயார் இங்கிலீசை அவிழ்த்துவிட்டார். "நோ ப்ரொப்ளம் சேர். ஸ்பீக்கர் கோல், ஓல் கம். வன் அவர். எவ்ரி டைம்." பல் முழுவதும் தெரியச் சிரித்தார். பின்னால் நின்ற நான் அகப்பைக் காம்பால் முதுகில் ஒரு குத்துக் குத்தினேன். ஆளைப் பார், விளம்பரத்தைப் பார்!

என் பேச்சைச் சொல்ல எனக்கு நேரமே கிடைக்கவில்லை. ஒரு சஹன் ஆட்கள் எழும்ப அடுத்த சஹன் ஆட்கள் இருந்தார்கள். கடைசி ஆளுக்கும் சோறு போட்டு, கையைக் கழுவி, முந்தானையைச் சரிசெய்து, "இஞ்ச பாருங்க மிஸ்டர்" என்று முன் அறைக்குப் போனால் கதிரை மட்டும்தான் இருந்தது. ஜீப் போய்விட்டது. அத்தனை நாள் பாடமாக்கின பேச்சு என் வயிற்றிலேயே கிடந்து புளித்தது. அழுகை அழுகையாக வந்தது. வாப்பாவின் பாட்டை ஒரு நெய்ச்சோற்றுக்கு விற்றுப்போட்டோம் என்று நினைத்தேன். இவரோடு ஒரு சொல்லுக் கதைக்கவில்லை.

அறிக்கை வந்த அன்றைக்கு அப்ராஸ் போனில் அழாத குறையாகக் கத்தினான். "மாமி, நீங்களும் கேளுங்க! போனைச் சத்தமா வைங்க மாமா!" பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான்.

"இந்தச் சமூகம் முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒன்றுகூடக்கூடியது. தங்கள் உணவைத் தாங்களே கொண்டுவருகிறார்கள். ஆகவே ஒரு முற்றுகை நீண்ட காலம் நீடிக்கலாம். முஸ்லிம்களும் தமிழர்களும் ஒரே தட்டில் உண்கிறார்கள். அவர்களைப் பிரித்துவைத்துக் காரியம் பார்க்க முடியாது. மறுக்கிற விருந்தாளியையும் சிரித்துக்கொண்டே பணியவைக்கிறார்கள். அகப்பை ஏந்திய ஒரு பெண்ணின் கையசைவுக்கு எல்லா ஆண்களும் கீழ்ப்படிகிறார்கள். ஏற்பாடு செய்தவர் என்று எவரும் இல்லை. அரசியல் ஆபத்து: மிக மிக அதிகம்."

கம்பனி அன்றைக்கே கட்டையைப் பிடுங்கிக்கொள்ள முடிவெடுத்துவிட்டதாம். இனிச் சனமே இல்லாத ஏதோ ஒரு பனிக்காட்டுக்குப் போகிறார்களாம். அங்கே கரடி மட்டும்தானாம். ஷெயார் இனித் தேறாது என்று சொல்லி அப்ராஸ் மூக்கை உறிஞ்சினான்.

நான் குசினிக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அகப்பையை முத்தமிட்டேன். பிறகு இவர் முகம் நினைவுக்கு வர, சிரிப்பு நின்றுவிட்டது. மக்காவின் காசு. எனக்கும் சேர்த்துத்தானே வைத்திருந்தார்.

ஆனாலும் ஒரு கணக்குப் பாக்கி இருந்தது. ஆறு பேருக்குச் சோறாக்கினவளின் வீட்டுக்கு ஊரைக் கூப்பிட்ட அந்தச் சீனிமுகம்மது காக்காவை நாலு வார்த்தை கேட்க வேண்டும். அடுத்த நாள் பள்ளி மதிலடியில் பிடித்துக்கொண்டேன்.

"என்ன காக்கா, வயசு போனா வாய்க்கு வந்தத ஸ்பீக்கர்ல சொல்லலாமா? நான் எல்லாரையும் கூப்பிடச் சொன்னனா?"

அவர் விழித்தார். "நானா சொன்னன்? உன்ட மாப்புளதான் புள்ள பக்கத்துல நிண்டு சொல்லுக்குச் சொல்லு சொல்லித் தந்த. ஒரு மணித்தியாலத்துக்குள்ள எண்டுறத விட்டுராதீங்க எண்டார். கடற்கரை ஆக்களையும் சேர்க்கச் சொன்னார். போதாததுக்கு, ஆர் ஏற்பாடெண்டு வெள்ளைக்காரன் கேட்டா ஆருமில்ல எண்டு சொல்லணுமாம். ஏன், என்னவும் பிழையா?"

"இல்ல காக்கா" என்றேன்.

வீட்டுக்குப் போகாமல் பாட்டுக்குப் போனேன். கட்டை ஒன்றுமில்லை. அழகரெத்தினம் அண்ணன் ஆட்களோடு வலை இழுத்துக்கொண்டிருந்தார். யாசீன் ஓதினேன். வாப்பா, நீங்கள் பார்த்துக் கட்டித் தந்த மாப்பிள்ளை ஒரு விசரன், முழுப் பைத்தியம் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

பகல் சோற்றுக்கு இவர் கடையிலிருந்து வந்தார். கறியில் பாட்டில் பட்ட பாரை மீன். இவருக்குத் தலைத்துண்டு வைத்தேன்.

"தெரிஞ்சிதானே செஞ்சீங்க?"

"என்னத்த?"

"ஸ்பீக்கர்ல கூப்பிட்டத."

"சோறு மிஞ்சிப் போயிருமெண்டுதான்..."

"ஆறு பேருக்கு ஆக்கின சோறு. என்னத்த மிஞ்சிற?"

இவர் மீன்தலையில் கவனமாக முள் எடுத்தார். நீலத் தொப்பி வேலியில் கவிழ்ந்து கிடந்தது. ஆசியா உம்மாவின் கோழி அதற்குள் படுத்திருந்தது.

"ஹஜ்ஜு?" என்று கேட்டேன்.

"அல்லா கூப்பிட்டாப் போகத்தானே வேணும் புள்ள. பின் சீட்டுல போவம்."

இவருடைய சோற்றில் இன்னும் ஓர் அகப்பை கறி ஊற்றினேன். பிறகு இவர் விரலை நக்கிக்கொண்டு, கடையில் கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"அந்த அறிக்கையில ஒரு பிழை இரிக்கி."

"என்ன பிழை?"

"ஏற்பாடு செஞ்சவர் எண்டு எவருமில்லையாம்."